பெருவிரலில் மை

செபமாலையை, பெட்டியில் கிடந்த அப்பாவின் விரல்களில் சுற்றிக்கொண்டு வந்த சுகந்தினி, இடது பெருவிரலில் நின்றுவிட்டாள். நீல மை. காலையில் உடம்பு துடைத்தபோது சவர்க்காரம் போட்டும் போகாத மை.

பாரிசவாதத்தால் வலது கை விழுந்தபின் அப்பா பத்திநாதன் பேனை பிடித்ததில்லை. யாரோ கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். நேற்று முழுக்க அவள் மருந்தெடுக்க மன்னாருக்குப் போயிருந்தாள். வீட்டில் நின்றவன் தம்பி றெக்சன். விடியப்புறம் அப்பாவின் மூச்சு நின்றது.

பறங்கியாற்றங்கரையில் அப்பாவின் பேரில் இரண்டு ஏக்கர் காணி, வரிசையாக மருத மரங்கள். அதன் மண்ணை அள்ளி விற்க டிப்பர் லொறிக்காரர்கள் நாயாய் அலைகிறார்கள். றெக்சனிடம் மண் ஏற்ற உழவு மெசின் இருக்கிறது, அவர்களோடு சிநேகமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? மகள் டினோஜாவுக்குக் கட்டத் தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. அதற்கு இருந்த ஒரே பிடி அந்தக் காணிதான். போன மாதம் அவளும்தான் ஒரு டிப்பர்காரனைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாள். காட்டினாள், அவ்வளவுதான். காட்டுவதும் கொடுப்பதும் ஒன்றா?

செபமாலையைச் சுற்றி முடித்தபோது பெருவிரலை வேண்டுமென்றே வெளியே விட்டாள். ஊர் பார்க்கட்டும்.

ஊர் வந்தது, கையை முத்தமிட்டது, ஒன்றும் கேட்காமல் போய்க் கதிரைகளில் இருந்தது. பந்தலின் மூலையில் ஃபைலோடு நின்ற ஒருவனிடம் றெக்சன் குசுகுசுத்துக்கொண்டிருந்தான். அவள் பொறுக்கமாட்டாமல் அவனைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

"அப்பாவிட்ட என்னத்துக்கடா கைநாட்டு வாங்கினனி?"

"நான் வாங்கேல்லை அக்கா. அவர்தான் காணி எழுத நொத்தாரிசைக் கூட்டியரச் சொன்னவர்."

ஃபைலோடு நிற்பவர் றெனால்டாம், ஆற்றைக் காக்கிற சங்கத்தின் ஆள். காணி அக்காவுக்கும் தம்பிக்கும்தான். ஆனால் கரையிலிருந்து மருத மரங்கள் வரை மண் அள்ளவோ மரம் தறிக்கவோ யாருக்கும் உரிமையில்லை. விற்றாலும் வாங்குகிறவனுக்கும் அதே கட்டுத்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அப்பா சங்கத்துக்கு எழுதிவிட்டார். றெக்சன் அடுப்படியைப் பார்த்தபடி இதையெல்லாம் மெல்லச் சொன்னான்.

நம்புவதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நல்ல காரியமெண்டா ஏன் ஒளிச்சுச் செய்தனீங்கள்? நான் நிக்கேக்க செய்திருக்கலாமே?"

"நீங்கள் மன்னாருக்குப் போற நாளாப் பாத்துச் செய்யச் சொன்னதும் அவர்தான். டிப்பர்காரனை ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆரெண்டு அவருக்குத் தெரியும்."

நேற்று அவள் புறப்பட்டபோது அப்பா இடது கையை ஆட்டி வழியனுப்பியது நினைவுக்கு வந்தது. கவனமாகப் போய்வா என்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

செபத்துக்குச் சுவாமி வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். சுகந்தினி போய்ப் பெட்டியருகில் இருந்தாள். செபமாலையில் ஒரு சுற்றைத் தளர்த்திப் பெருவிரலின் மேல் இழுத்துவிட்டாள். இரண்டு மணிகளுக்கு நடுவே நீலம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது.