நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு முயற்சிகள்

பூட்டுத் தொழிற்சாலை முதலாளிக்கு மனிதர்களில் இரண்டே வகை. திருடியவர்கள் ஒரு வகை, இன்னும் சந்தர்ப்பம் கிடைக்காதவர்கள் மறு வகை. முப்பது வருடமாக இந்தக் கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டதில் தொழிலும் வளர்ந்தது, ரத்தக் கொதிப்பும் வளர்ந்தது. அவருடைய கட்டடத்தில் கழிப்பறைச் சோப்பு சங்கிலியில் தொங்கும். உள்ளே வரும் ஒவ்வொரு பையையும் வாட்ச்மேன் வாசலில் எடை போட்டுச் சீட்டில் எழுதுவார். போகும்போது மறுபடியும் எடை போடுவார்.

சர்வர் இருந்த அறைக்கு மூன்று பூட்டுகள். மூன்றும் சொந்தத் தயாரிப்பு. ஒரு சாவி முதலாளியின் இடுப்பில். இன்னொன்று அவர் மனைவியின் தம்பியிடம். இந்த மைத்துனருடைய அறைக் கதவில் 'இயக்குநர்' என்று பித்தளைப் பலகை மின்னும், எதை இயக்குகிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மூன்றாவது சாவி சிஸ்டம் அக்காவிடம். பிரின்டரில் சிக்கும் காகிதத்திலிருந்து முதலாளியின் செல்போன் வரை, அலுவலகத்தில் மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. முதலாளி வாயால் சொல்லும் கடிதங்களைத் தட்டச்சு செய்து, பிழை நீக்கி, கையெழுத்துக்கு நீட்டுவதும் அவள்தான். ஒன்பது வருட வேலை. முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு கணவர் வீட்டோடு இருந்ததால், அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையில்தான்.

பிசினஸ் இன்டெலிஜென்ஸ் மென்பொருள் ஒன்றை வாங்கச் சொன்னவர் மைத்துனர். எந்தப் பூட்டு எங்கே விற்கிறது, எந்த மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் கலர் கலரான படங்களாகத் திரையில் வரும் என்று அவர் எங்கோ பார்த்துவிட்டு வந்திருந்தார். "உக்காந்த இடத்துல இருந்தே எல்லாரையும் பாக்கலாம் அத்தான்" என்றதும் முதலாளி விலைகூடக் கேட்கவில்லை.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு அதை நிறுவ ஓர் இன்ஜினியர் வந்தார். வாட்ச்மேன் அவருடைய பையை எடை போட்டார்: மூன்று கிலோ இருநூறு. பிறகு, கொண்டுவந்த சாமான் எங்கே என்று கேட்டார். சாமான் இன்டர்நெட்டில் வரும், இங்கிருக்கும் லினக்ஸ் சர்வர் தானே இறக்கிக்கொள்ளும் என்று இன்ஜினியர் சொன்னார். வாட்ச்மேன் சற்று யோசித்துவிட்டு, 'சாமான் வரவில்லை, ஆள் மட்டும் வந்தார்' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

மூன்று சாவிக்காரர்களையும் ஒரே இடத்தில் சேர்க்க முக்கால் மணி நேரமானது. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சதா முனகும் சர்வர். இன்ஜினியர் என்ன செய்கிறார் என்பது தன் கண்முன்னே நடக்கவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டதால், பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். இன்ஜினியர் பாஸ்வேர்டு கேட்டார். சிஸ்டம் அக்கா அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். அவர் சீட்டைப் படித்தார், அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் ஓடி நின்றன. அந்த இரண்டு வரிகளை இன்ஜினியர் கவனிக்கவேயில்லை. எந்த சர்வரும் தினமும் சொல்வதுதான். முதலாளி கவனித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கடைசியாக ஒருவர் சரியான பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்திருக்கிறார், அதற்குப் பிறகு தவறான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்தது நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு தடவை என்று இன்ஜினியர் வாசித்துச் சொன்னார்.



இது வெளியிலிருந்து வருவது, இன்டர்நெட்டில் நிற்கிற எல்லா சர்வருக்கும் நடப்பது, ஊர் பேர் தெரியாத இயந்திரங்கள் வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் என்று இன்ஜினியர் விளக்கினார். முதலாளிக்கு அது கட்டுக்கதையாகப் பட்டது. முகம் தெரியாத யாரோ தன்மேல் இவ்வளவு அக்கறை காட்டுவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. முகம் தெரிந்தவர்கள் செய்வார்கள் என்பதை உடனே நம்ப முடிந்தது.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கும் இந்தம்மாவுக்கும்தான் அத்தான்" என்றார் மைத்துனர். சொல்லிவிட்டு அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"தெரிஞ்ச பாஸ்வேர்டை நான் எதுக்கு சார் நாப்பதாயிரம் தடவை தப்பாப் போடணும்?" என்றாள் அவள்.

முதலாளி அதையும் யோசித்துப் பார்த்தார். "மறந்திருப்ப" என்றார்.

முதல் வேலையாக இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கச் சொன்னார். பாதி இறங்கியிருந்த மென்பொருள் அப்படியே நின்றது. இரண்டாவது வேலையாக, சிஸ்டம் அக்காவை மறு உத்தரவு வரும் வரை பணியிலிருந்து நிறுத்திவைத்து ஒரு கடிதம் சொன்னார். கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லை. ஆகவே அவளே உட்கார்ந்து, 'கள்ளத்தனமான நடவடிக்கையில் தாங்கள் ஈடுபட்டதாகத் தெரியவருவதால்' என்று தன்னைப் பற்றித் தானே அடித்தாள். முதலாளி ஒருமையில் சொன்னதை மரியாதைக்குப் பன்மையாக மாற்றினாள். ஓரிடத்தில் வாக்கியம் முடியாமல் தொங்கியது, அதையும் முடித்துவைத்தாள். அவர் வழக்கம்போலப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார். மாலை ஐந்து மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவள் கிளம்பவேண்டும் என்று ஏற்பாடு.

அதற்குள் இன்ஜினியர் வந்து, இன்டர்நெட் இல்லாமல் மீதி இறங்காது, பாதியில் விட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். முதலாளிக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. அப்போது சிஸ்டம் அக்காதான் வழி சொன்னாள். கேபிளைச் செருகுங்கள், நான் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடாமல் உங்கள் முன்னாலேயே நிற்கிறேன், எண் ஏறுகிறதா பாருங்கள் என்றாள்.

செருகினார்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு ஏறியது.

"இவங்களுக்குக் கூட்டாளி இருக்கான் அத்தான்" என்றார் மைத்துனர்.

அப்படியென்றால் எல்லோரும் வெளியே வரட்டும் என்று உத்தரவு பிறந்தது. சிஸ்டம் அக்காவையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேரும் மெஷின்களை நிறுத்திவிட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். கைகள் தெரியும்படி மேலே தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. உடற்பயிற்சி என்று ஒரு பிரிவும், போட்டோ என்று இன்னொரு பிரிவும் பேசிக்கொண்டன. மைத்துனர் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கைகளை எண்ணினார். எண்பத்தாறு சரியாக வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்ஜினியர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: இருபத்தாறு ஏறியிருக்கிறது.

முதலாளி எண்பத்தாறு கைகளையும் பார்த்தார். பிறகு எண்ணிக்கையில் சேராத இரண்டு கைகளைப் பார்த்தார். நாற்காலிமேல் நின்ற மைத்துனர் அவற்றை மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டார். கடைசியாக முதலாளி ஜன்னலைப் பார்த்தார். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இன்ஜினியர்தான். "தம்பி, நீங்க இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா?" என்று மிக அன்பாகக் கேட்டார்.

 அடுத்த கடிதத்துக்கும் ஆள் தயாராக இருப்பதை இன்ஜினியர் பார்த்திருந்தார். சாப்பிடக்கூடப் போகாமல் வேலையை முடித்தார். மென்பொருளின் உரிம ஒப்பந்தத்துக்கு 'ஏற்கிறேன்' என்று அடிக்கவேண்டி வந்தபோது, எதை ஏற்கிறோம் என்று முதலாளி நாற்பது பக்கத்தையும் திரையில் படிக்கச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் கண் சொருகி, ஏற்றுக்கொண்டார். மூன்று மணிக்கு மென்பொருள் எழுந்து நின்றது. படம் போட்டுக் காட்ட முதலில் என்ன விவரத்தைக் கொடுக்கலாம் என்று இன்ஜினியர் கேட்டார்.

விற்பனை என்றார் மைத்துனர்.

"சர்வர்ல யார் எப்போ கதவைத் தட்டினாங்கன்னு நாலு வாரப் பதிவு இருக்கு. அதைக் குடுங்க" என்றாள் சிஸ்டம் அக்கா. நிறுத்திவைக்கப்பட்டவள் பேசலாமா என்று மைத்துனர் ஆரம்பித்தார். ஆனால் முதலாளிக்கு அந்தப் பதிவைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. யாரையாவது பிடித்துவிடலாம் என்ற ஆசைதான்.

பெரிய டிவியில் படம் வந்தது. குறுக்கே மணி, நெடுக்கே எண்ணிக்கை. ஏற்ற இறக்கம் ஏதாவது இருக்கும் என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே மட்டமாக இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு எவ்வளவோ, மதியம் மூன்று மணிக்கும் அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமையும் அதே உயரம். முதலாளி மகள் கல்யாணத்துக்காகத் தொழிற்சாலையை மூடி, சிஸ்டம் அக்கா உட்பட எல்லோரும் மண்டபத்தில் பந்தி பரிமாறிய மூன்று நாளும் அதே உயரம்.

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் அவள். "காலைல லேட்டா வரல. டீ குடிக்கப் போகல. மத்தியானம் தூங்கல. லீவு எடுக்கல. இருபத்திநாலு மணி நேரமும் ஒரே சீரா வேலை பாத்திருக்கு. நம்ம கம்பெனியில அப்படி ஒரு ஆள் யாரு இருக்காங்க, நீங்களே சொல்லுங்க."

முதலாளி திரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே, கையை இறக்கலாமா என்று இன்னும் உத்தரவு வராததால் சுவரில் சாய்ந்தபடியே கை தூக்கி நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். மைத்துனரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரே நேரத்தில் நாற்பத்து நான்கு பேர் அவருடைய சந்தேகத்திலிருந்து விடுபட்டார்கள். விடுபட்டதற்கான காரணத்தைத்தான் யாரும் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"அப்போ கதவை வெளிய பாத்து யாரு தெறந்து வெச்சது?" என்றார்.

இன்ஜினியர் துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார். பாஸ்வேர்டு, கம்பெனியின் பெயர். அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டிலிருந்தபடியே பார்க்கவேண்டும் என்று சர்வரை வெளியே திறந்துவிடச் சொன்னவரும், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இந்தப் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுத்தவரும் மைத்துனர். வேண்டாம் என்று சிஸ்டம் அக்கா அப்போதே சொல்லியிருந்தாள். பூட்டுக் கம்பெனிக்கே பூட்டைப் பற்றிப் பாடமா என்று அவர் சிரித்திருந்தார்.

மைத்துனர் தொண்டையைச் செருமினார். "ஆனா பாருங்க அத்தான், நாப்பத்தோராயிரம் தடவை முட்டியும் உடையல. இதை விளம்பரத்துலயே போடலாம்."

முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. விளம்பரத்துக்கு வாசகம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில்தான் அதை அடிக்க ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"அந்த லெட்டரை ரத்து பண்ணி இன்னொரு லெட்டர் அடிச்சிரும்மா" என்றார், சிஸ்டம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "வாசகம் நீயே போட்டுக்கோ."

மணி நாலே முக்கால். அவள் நிதானமாக அடித்தாள். முந்தைய கடிதத்தில் சொன்ன குற்றச்சாட்டு முற்றிலும் பொய் என்று ஒரு பத்தி. அதற்காக நிர்வாகம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது என்று ஒரு பத்தி. இன்று முதல் சர்வரின் பாஸ்வேர்டு அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கும், வெளியிலிருந்து எவரும் நுழையும் வசதி மூடப்படுகிறது, எவரும் என்பதில் இயக்குநரும் அடங்குவார் என்று ஒரு பத்தி. இனி அவளைப் பணியிலிருந்து நிறுத்த நினைத்தால் அந்தக் கடிதத்தை நிர்வாகமே சொந்தக் கையால் தட்டச்சு செய்யவேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

முதலில் மைத்துனர் வாங்கிப் பார்த்தார். 'நகல்: இயக்குநர்' என்பது தடித்த எழுத்தில் வந்திருக்கிறதா என்று அடியில் மட்டும் பார்த்துத் திருப்தியானார். கோப்பு எண் எழுத முதலாளியின் பேனாவை இரவல் வாங்கிய சிஸ்டம் அக்கா, எழுதி முடித்துக் காகிதத்தோடு அதையும் அவரிடம் நீட்டினாள்.

விளம்பர வாசகத்தை முணுமுணுத்தபடியே அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனா தன்னிடமே திரும்பி வந்துவிட்டதா என்று ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.