அவர் எழுதாத கட்டுரை

கமா அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. ஆய்விதழ் ஒன்றின் அலுவலகத்தில், அச்சுக்குப் போகும் கட்டுரைகளைத் திருத்துவது அவள் வேலை. கமா ஒன்று இடம் மாறிக் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிறகு நிர்வாகம் அறைகளைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட ஆளில்லை. திரையில் எழுத்தாக வந்து போனது, அவ்வளவுதான்.

கணவர் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பாலங்களின் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'துரு சார்' என்பார்கள். அதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். சாப்பிட உட்கார்ந்தாலும் துருதான். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் மேல்பூச்சை நம்பக் கூடாது, மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு அரித்துப் போயிருக்கும், அடிக்கடி சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பார். இப்போது அவர் மேசைதான் அவளுக்கு அலுவலகம்.

ஒருநாள் காலை அந்த மேசைக்கு ஒரு கட்டுரை வந்தது. பாலங்களுக்கு அடிக்கும் புதுப் பூச்சு ஒன்றைப் பற்றியது. கடைசிப் பக்கங்களில் இருந்த மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கணவரின் பெயர். அதற்குப் பக்கத்தில் அவள் கேள்வியே படாத ஒரு கட்டுரையின் தலைப்பு. அவருடைய கடைசி வருடத்தில் வெளியானதாகப் போட்டிருந்தது.

அவர் எழுதியது எதுவும் அவள் கைபடாமல் வெளியே போனதில்லை. என்னிடம் காட்டாமல் ஒன்று எழுதியிருக்கிறாரா என்று முதலில் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே அந்த வருத்தம் போய் மனசு துள்ளியது. அவர் சொல்லி, அவள் இன்னும் கேட்காத பேச்சு கொஞ்சம் மிச்சமிருக்கிறது! வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்கு உடனே போன் செய்தாள். மகளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கிடைத்ததும் அனுப்பச் சொன்னாள்.

கிடைக்கத்தான் இல்லை. மேற்கோளில் சொன்ன இதழைத் தேடி எடுத்தால், அந்தப் பக்கத்தில் யாரோ வெல்டிங்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். கல்லூரி நூலகத்தில் கேட்டாள். கணவரின் பழைய கணினியைத் துழாவினாள். எங்கும் இல்லை. கடைசியில், எழுத்துப்பிழை பார்ப்பதற்காக அலுவலகம் கொடுத்திருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அது தயங்கவே இல்லை. பத்தி பத்தியாகச் சொன்னது. அவர் இப்படி ஆராய்ந்தார், இதைக் கண்டார், இப்படி முடித்தார் என்று கூடவே இருந்து பார்த்த மாதிரி விவரித்தது. அவள் கேட்கக் கேட்க அதுவும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே போனது. ஜன்னலில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் பிற்பகல் வீட்டில் இரண்டு பேர் இருந்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு வரி வந்தது. இந்தப் பூச்சு அடித்துவிட்டால் உப்புக் காற்றிலும் பாலத்தை அடிக்கடி சோதிக்கத் தேவையில்லை என்று அவர் நிரூபித்தாராம்.

அவள் கை நின்றது. கனவில்கூட அவர் அப்படிச் சொல்லமாட்டார். கட்டுரை உண்மையிலேயே வெளிவந்ததா என்று கேட்டாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியான தலைப்பு இதுதான் என்று அவர் பெயரிலேயே இன்னொன்றைக் கொடுத்தது. தேடினால் அதுவும் இல்லாத ஒன்று. பட்டியலில் இருந்த தலைப்பும் இப்படி ஒரு செயலியிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அவள் கணினியை மூடிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றாள்.

விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவர் பெயர் இன்னொரு முறை அச்சில் வரும். அச்சில் அவர் பெயரைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது! ஆனால் பாலச் சோதனைகளின் இடைவெளியைக் கூட்டலாம் என்று அச்சுக்கு வந்திருந்த கட்டுரை சொன்னதே இந்தப் பொய் மேற்கோளை நம்பித்தான். நாளைக்கு ஒரு பொறியாளர் அதைப் படித்துவிட்டு, சோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டால்?

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அது அப்பா எழுதினது இல்லடி. மெஷின் இட்டுக்கட்டினது."

பரவாயில்லை என்றாள் மகள். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

கட்டுரையாளருக்கு முறைப்படி மின்னஞ்சலில் விளக்கம் கேட்டாள். பதில் போனில் வந்தது. தூரத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். குரலைக் கேட்டால் சின்ன வயதுதான்.

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க மேடம். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"மத்ததையெல்லாம் நீங்க படிச்சீங்களா சார்?"

உண்மை மெல்ல ஒவ்வொன்றாக வந்தது. அவன் கல்லூரித் துறையில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. நூலகத்தில் இதழ்களும் கிடையாது. செயலியிடம் கேட்டிருக்கிறான், அது கொடுத்ததை அப்படியே போட்டுவிட்டான். அதைப் பயன்படுத்தியதை எழுதித் தர வேண்டும் என்ற இதழின் விதியைப் பார்த்தும் பயத்தில் மறைத்துவிட்டான்.

"கேட்டதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்லுச்சு மேடம். இங்க என்கிட்ட அப்படி யாரும் பேசினதில்ல."

கடுமையாக நாலு வார்த்தை சொல்ல நினைத்திருந்தவளுக்கு வாய் வரவில்லை. ஒரு பிற்பகல் முழுக்க அவளும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தானே.

"அந்த மேற்கோள்ல இருக்கறவர் என் வீட்டுக்காரர்," என்றாள். "இப்ப உயிரோட இல்ல. நான் அப்படிச் சொல்லலைன்னு அவரால வந்து சொல்ல முடியாது. அதுக்காகத்தான் கேக்கறேன்."

இதழாசிரியரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. சம்பந்தப்பட்டது தன் கணவர் பெயர் என்பதால் வேறு ஆளை வைத்துச் சரிபார்க்கும்படி அவளே கேட்டுக்கொண்டாள். அவரும் அப்படியே செய்தார். பட்டியலில் இன்னும் சில மேற்கோள்கள் பொய் என்று தெரிந்தது. கட்டுரை திரும்பிப் போனது. எல்லாவற்றையும் படித்து, செயலியை எங்கே பயன்படுத்தினான் என்பதையும் எழுதி, மறுபடி அனுப்பலாம் என்றார் இதழாசிரியர்.

அவன் அனுப்புவான் என்று அவள் நினைக்கவில்லை. மாதங்கள் போயின. ஒருநாள் மதியம் போன் வந்தது. துரு சாரின் கட்டுரைகளை எங்கெங்கோ தேடிப் பிடித்துப் படித்திருக்கிறான். தன் முடிவே தலைகீழாகிவிட்டது, சோதனையைக் குறைக்கக் கூடாது என்றுதான் இப்போது எழுதுவதாகச் சொன்னான். மொழியைத் திருத்த மட்டும் செயலியை வைத்துக்கொண்டானாம், அதையும் எழுதிவிட்டானாம். ஆனால் ஒரு சந்தேகம்: பாலத்தில் வெயில் படாத பக்கம் ஓரிடத்தில் மட்டும் துரு குறைவாக இருந்ததாக சார் எழுதியிருக்கிறார், ஏன் என்று எழுதவில்லை.

"உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா மேடம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இதைச் சொன்ன நினைவில்லை.

"தெரியல சார். அவர்கிட்டதான் கேக்கணும்."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"காரணம் தெரியலன்னு எழுதுங்க."

அந்த வரி பின்னால் அப்படியே அச்சில் வந்தது. அன்றைக்கு அவன் நன்றி சொன்ன பிறகும் போனை வைக்காமல் இருந்தான். அவளும் வைக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சாப்டீங்களா மேடம்?"

"இனிமேதான்," என்றாள் அவள். "நீங்க?"