பத்து வோல்ட்

முருகானந்தம் எட்டு மாதமாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட அதற்குள் நாலு ஜாதகத்தைத் தள்ளிவிட்டு ஐந்தாவதற்குத் தலையாட்டியிருப்பார்கள். அவர் தேடியது ஒரு வோல்டேஜ் ரெஃபரன்ஸ். மாடி அறையில் அவர் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் லேப் வைத்திருந்தார். அங்கே இருந்த பழைய மல்டிமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பத்து வோல்ட் என்றால் அப்பழுக்கில்லாத பத்து வோல்ட் கொடுக்கும் கருவி வேண்டும் என்றார்.

எதற்கென்று அவர் மகள் இளவேனிலுக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிறு தவறாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் திருவெறும்பூர் வந்து, அப்பா லேப்டாப்பில் காட்டுவதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தாள்.

அவள் அம்மா மணிமேகலைக்கு நுரையீரல் சுருங்கும் வியாதி. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் அதற்கு இன்வெர்ட்டர். முருகானந்தம் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறு மணிக்கு இன்வெர்ட்டர் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து, நோட்டில் தேதி, அளவு, கையெழுத்து என்று எழுதிவிடுவார். "உங்கப்பாவுக்கு நான் பொண்டாட்டி இல்லடி, இன்னொரு மெஷின்" என்று அம்மா மூச்சு வாங்கச் சிரிப்பாள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்று முன்பே பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்று காலை நோட்டில் இருந்த அளவு 12.71. அப்படியென்றால் முழு சார்ஜ், நாலு மணி நேரம் தாங்கும். அதை நம்பித்தான் முருகானந்தம், அவசரத்துக்கென்று வைத்திருந்து காலியாகிவிட்ட ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பிவர அரியமங்கலம் போனார். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பியபோது இன்வெர்ட்டர் அணைந்து, மெஷின் நின்றுபோயிருந்தது. அம்மா போய்விட்டிருந்தாள்.

முந்தின இரவு முழுக்க அந்தத் தெருவில் வோல்டேஜ் குறைவு. மெஷின் இன்வெர்ட்டரிலேயே ஓடி, ஊர் தூங்கும்போதே பேட்டரி கரைந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் காலையில் மீட்டர் எப்படி 12.71 காட்டியது? மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கிறது என்று சொந்தபந்தம் எல்லாம் முடிவுகட்டியது. சோதிக்காமல் எந்த மீட்டரையும் குறை சொல்லக் கூடாது என்று முருகானந்தம் மட்டும் சொன்னார். சோதித்து முடிக்கும்வரை மகள் வீட்டுக்கு வந்து இருக்கவும் மாட்டேன் என்றார். ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் பாதி தட்டிலேயே கிடக்கும். இப்படியே போனால் அப்பாவையும் பறிகொடுத்துவிடுவோம் என்று இளவேனில் பயந்தாள்.

ஆனால் எந்தக் கருவிதான் அவருக்குப் பிடித்தது! உள்ளங்கை அளவில் ஒரு போர்டு இருந்தது. இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து என்று நாலு வோல்டேஜ் கொடுக்கும். செய்தவர் நல்ல மீட்டரில் அளந்து, வந்த எண்ணைக் கையால் எழுதி ஒட்டியிருப்பார். மாடி அறைச் சூட்டில் அதன் அளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறி நகர்ந்துவிடும் என்று தள்ளினார். மூடிப்போன ஏதோ ஆய்வகத்தின் பழைய கருவி ஒன்று, அம்மிக்கல் கனம், விலைக்கு வந்தது. லாரியில் குலுங்கி வந்தபின் அது சரியென்று யார் சொல்வது, அதைச் சோதிக்க இன்னொன்று வேண்டுமே என்றார். சான்றிதழோடு வரும் புத்தம்புது மீட்டரைக் காட்டினால், புதுசு முதல் வருஷம்தான் அதிகம் நகரும் என்றார். சோதிக்கும் கருவி, சோதிக்கப்படுவதைவிட நாலு மடங்கு துல்லியமாக இருந்தால் போதும் என்பது அந்தத் தொழிலின் விதி. அப்பா நாலாயிரம் மடங்கு கேட்டுக்கொண்டிருந்தார்.

பொறுத்துப் பார்த்த இளவேனில், முகம்மது கனியைத் தேடிப் போனாள். அவர் அப்பாவோடு அதே பிரிவில் இருந்தவர். இப்போது சிங்காரத்தோப்புப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவள் கொண்டுபோன பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கத் தராசு கேக்குறாரும்மா. நிறுக்கப்போறது வெங்காயம்."

நிறைந்த பேட்டரிக்கும் தீர்ந்த பேட்டரிக்கும் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வித்தியாசம், அதைக் காட்ட அந்தச் சின்ன போர்டே எதேஷ்டம், இது முருகானந்தத்துக்குத் தெரியாதா என்று கேட்டார். மீட்டரைக் கொண்டுவாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன் என்று மூன்று தடவை சொல்லியும் அவர் தரவில்லையாம்.

அப்பா பயப்படுகிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர் மீட்டரையெல்லாம் சரிபார்த்தவர், சொந்த மீட்டரைச் சரிபார்க்காமல் பெண்டாட்டியைப் பறிகொடுத்தார் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். இளவேனில் அந்த போர்டையே வரவழைத்தாள். மீட்டர் சரியாக இருக்க வேண்டும் என்று சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள். மாரியம்மனிடம் அதற்குமுன் இப்படியொரு வேண்டுதல் போயிருக்காது.

அடுத்த ஞாயிறு போர்டை மேசைமேல் வைத்தாள். முருகானந்தம் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டார். சூடேறி நிலைக்கட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவர் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். ஒட்டியிருந்த சீட்டில் 10.0002. மீட்டரில் 10.00. மாற்றி வைத்தார். 5.00. மறுபடியும் பத்துக்கு வந்தார். 10.00.

இளவேனிலுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "பாத்தீங்களாப்பா, மீட்டர்ல ஒரு தப்பும் இல்ல. பேட்டரிதான் திடீர்னு கோளாறாகியிருக்கு. உங்க மேல ஒரு குத்தமும் இல்லப்பா."

அவர் முனைகளை எடுத்து வைத்தார். முகத்தில் நிம்மதி என்பது மருந்துக்கும் இல்லை.

"மீட்டர் சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. தப்பா இருந்துடாதான்னுதான் பாத்தேன்" என்றார். "அன்னிக்குக் காலையில நான் வச்சுப் பாக்கல. முத நாள் அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அளக்காமல் எழுதுவது அந்தப் பிரிவில் திருட்டுக்குச் சமம். முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் செய்யாதது. மீட்டர் பொய் சொல்லும் மீட்டராக இருந்தால், அன்று வைத்துப் பார்த்திருந்தாலும் 12.71தான் காட்டியிருக்கும், அவள் என்னால் சாகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக மீட்டர்மேல் பழிபோடப் பார்த்தேன், சோதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும் என்றுதான் எட்டு மாதம் கடத்தினேன் என்றார்.

இளவேனிலுக்குக் கோபம் பொங்கியது. "ரெண்டு நிமிஷ வேலைப்பா. ஏன் பாக்கல?"

"பத்து நாளா அவ தூங்கல. அன்னிக்கு விடியக்காலையிலதான் கண்ணசந்தா. என் கையப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. எடுத்தா முழிச்சிருவாளேன்னு அப்படியே உக்காந்துட்டேன். நோட்டு பக்கத்துலயே இருந்துச்சு, இன்னொரு கையால எழுதிட்டேன்."

உங்கள் மேல் தப்பில்லை என்று இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தப்புத்தான். அந்தக் கையை அவளாலும் உருவியிருக்க முடியாது. வேறொன்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம்ப்பா தூங்குனாங்க?"

"ஒன்பது மணிக்குக் கரண்ட் போற வரைக்கும்" என்றார் முருகானந்தம். "எந்திரிச்சதும், இன்னிக்குத்தாங்க நல்லாத் தூங்குனேன்னு சொன்னா."

எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.