தடி இறங்காத கடவை

மாக்கிறட்டுக்கு இடது முழங்கால் விடிந்ததிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. இருந்தால் எழும்ப விடாது, எழும்பினால் இருக்க விடாது. ரயில் கடவையின் தடியை இறக்குவது கை வேலை என்றுதான் வழியில் போகிறவர்கள் நினைப்பார்கள். தடியின் அடிமுனையில் கட்டியிருக்கும் கல் லேசில் எழும்பாது. கயிற்றைப் பிடித்து, முழங்காலை மடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் தொங்கவிட வேண்டும். எட்டு வருடமாகத் தொங்குகிறாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து கடல் தாண்டித் திரும்பி வந்த வருடம் கிடைத்த வேலை அது. வேறு வேலை கிடைக்கவுமில்லை.

பேசாலைக்கு இந்தப் பக்கம், தலைமன்னாருக்குப் போகும் தண்டவாளத்தைக் கிறவல் கல் போட்ட மண்பாதை ஒன்று குறுக்கறுக்கிற இடத்தில் அவளுடைய கடவை. மணி இல்லை, விளக்கு இல்லை. ஒரு தடி, ஒரு கயிறு, வெளிறிப்போன ஒரு சிவப்புக் கொடி, நாலு கம்பு நட்டுக் ஓலைக் கிடுகு போட்ட நிழல். நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய். அரிசி வாங்கினால் தேங்காய்க்குக் காணாது. பொலிசு சேர்த்துவிட்ட வேலை. பொலிசிடம் கேட்டால் சம்பளத்தை ரயில்காரரிடம் கேள் என்பார்கள். ரயில்காரரிடம் கேட்டால் உன்னை நாங்களா எடுத்தோம் என்பார்கள். இந்த இழுபறியில் சங்கம் தொடங்கி, கறுப்புத் துணி கட்டி, கொழும்பில் ரோட்டோரம் வெயிலில் குந்தி வருடங்கள் போய்விட்டன.

ரயில் வருகிறதென்று அவளுக்குச் சொல்ல பக்கத்துக் கடவைக்காரரை விட்டால் நாதியில்லை. மன்னார்ப் பக்கத்துக் கடவையில் சனூன். ரயில் தன்னைத் தாண்டியதும் அவன் மாக்கிறட்டுக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பான். அவள் தடியை இறக்குவாள். தன்னைத் தாண்டியதும் அடுத்த கடவையிலிருக்கும் எமிலியானுசுக்கு அவள் ஒரு மிஸ் கோல் கொடுப்பாள். திரும்பி வரும் ரயிலுக்கு இதே கதை தலைகீழாக. கதைத்தால் காசு போகும், மணி அடித்து வெட்டினால் போகாது. ரயில் நேரத்தில் யார் அடித்தாலும் ஃபோனைக் காதில் வைப்பதில்லை என்பது மூவருக்குள்ளும் இருந்த கட்டு.

அன்றைக்குக் கொழும்பில் பேச்சுவார்த்தை. சங்கத் தலைவர் இன்ஸாப் சிலாவத்துறைக்காரர், அவரும் ஒரு கடவைக்காரர்தான். முதல் நாள் பஸ் ஏறுமுன் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"இந்தத் தரம் கதவு திறக்கும்போலதான் கிடக்கு. ஆனா கேளுங்கோ, நாங்கள் கதைச்சு முடியுமட்டும் ஒரு கடவையிலயும் ஒரு கழுதைகூட அடிபடக் கூடாது. ஒண்டு நடந்தாக் காணும். உங்களுக்கு ஏன் சம்பளம், தானா அடிக்கிற மணியைப் பூட்டுறம் எண்டு சொல்லிப்போடுவாங்கள். அவ்வளவு பேரின்ர சோத்திலயும் மண்."

அதைக் கேட்டதிலிருந்து மாக்கிறட்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்த நாட்களில் இந்தப் பயம் இருக்கவில்லை. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்திருந்த காலத்தில் இழக்கவும் ஒன்றுமில்லை. இப்போதுதான் ஏதோ வரப்போகிறது. வரப்போவதை நானே உடைத்துவிடுவேனோ என்றுதான் யோசனை. போன வருடம் தீவுக்கு அப்பால் பெருநிலத்துக் கடவை ஒன்றில் உழவு இயந்திரம் அடிபட்டு இருவர் செத்துப்போக, அங்கே நின்ற மனிசனை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவன் இடுப்புச் சறத்தைக்கூட ஒழுங்காகக் கட்ட விடவில்லையாம். அந்த அவிழ்ந்த சறம்தான் அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

காலை முழுவதும் கழுதைகளைத் துரத்தினாள். மன்னார்க் கழுதைக்குத் துரத்தல் புதிதா? பத்தடி போய் நின்று, திரும்பி, இவளுக்கென்ன வந்தது என்பதுபோல் பார்த்தன.

மத்தியான ரயில் பிந்தியது. சோழகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அந்தக் காற்று வீசும் மாதங்களில் ரயிலின் சத்தம் இவள் பக்கம் வராது, கடலுக்குப் போய்விடும். பயத்தில் ஒருமுறை மிஸ் கோல் வருமுன்பே தடியை இறக்கிவிட்டாள். கருவாட்டு லொறிக்காரன் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே போட்டான்.

"என்னணை, ரயிலை வயித்துக்குள்ளயா வைச்சிருக்கிறாய்? பெத்துப்போட்டுத் தடியை இறக்கன்!"

வெட்கத்தோடு தடியை ஏற்றிவிட்டாள்.

அப்போது ஃபோன் அடித்தது. எமிலியானுஸ். வெட்டுவான் என்று பார்த்தாள். வெட்டவில்லை. மூன்றாவது மணியும் அடித்தது. எமிலியானுஸ் காசு செலவழித்துக் கோல் எடுக்கிற பிறவி இல்லை. மகளின் கலியாணத்துக்கே மிஸ் கோலில்தான் சொன்னவன் என்று சனூன் பகிடி பண்ணுவான். அந்த மனிசன் விடாமல் அடிக்கிறான் என்றால் ஒன்று செத்த வீடு, இல்லாவிட்டால் இன்ஸாப். மாக்கிறட் எடுத்துவிட்டாள்.

"பிள்ளை! ஓம் எண்டுட்டாங்கள்!"

"என்னண்ணை? ஆர் ஓம் எண்டது?"

"இப்பதான் இன்ஸாப் கதைச்சவர். சம்பளம் கூட்டுறதுக்கு ஓமாம். நிரந்தரத்துக்கும் ஓம் மாதிரியாம். ஒரு குழு போடுறாங்களாம்."

"குழுவோ? எழுத்தில தந்தவங்களோ?"

"எழுத்தில இல்லை. ஆனா தேத்தண்ணி குடுத்தவங்களாம். முந்தி எப்பவாவது எங்கட ஆக்களை இருத்தித் தேத்தண்ணி குடுத்தவங்களோ, சொல்லு பாப்பம்?"

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. எமிலியானுஸ் நிறுத்தவில்லை. பழைய நாட்களுக்கும் சேர்த்துத் தருவார்களா, ஓய்வூதியம் உண்டா என்று அவனே கேட்டு அவனே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் கதைத்தாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

பாதையில் நிப்ராசின் ஓட்டோ ஏறி வந்தது. தோட்டவெளிப் பக்கத்துப் பையன், தினமும் இந்தக் கடவையால் போகிறவன். பின்னால் அவன் மனைவி றஸ்னா, மடியில் அரிசிப் பை. தடி மேலே நின்றது. நிப்ராஸ் கையைக் காட்டிவிட்டுத் தண்டவாளத்தில் ஏற்றினான். கிறவல் அரித்துக் கிடந்த இடத்தில் முன்சில்லு குதித்தது. இயந்திரம் இருமி நின்றது.

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அந்த ஓய்வுக்குள் ஹோர்ன் கேட்டது, கிட்டத்தில்.

மாக்கிறட் திரும்பினாள். கருவேல மரங்களுக்கு மேலால் ரயிலின் தலை தெரிந்தது.

ஃபோன் கையிலிருந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. "இறங்கு! இறங்கடி பிள்ளை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். றஸ்னா அரிசிப் பையைக் கட்டிப்பிடித்தபடி உறைந்துபோயிருந்தாள். மாக்கிறட் அவளுடைய முந்தானையோடு கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். இருவரும் மணலில் விழுந்தார்கள். நிப்ராஸ் இறங்கி ஓட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"விடு தம்பி! விட்டிட்டு வா!"

"ஓட்டோ லீசிங் காசு கட்டி முடியேல்லையக்கா!"

அவன் விடவில்லை. அவள் எழுந்து போய்த் தோளைக் கொடுத்தாள். யேசுவே யேசுவே என்ற ஒரு சொல்லைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. பிறேக் கிறீச்சிடும் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. முன்சில்லு சரிவில் இறங்க ஓட்டோ உருண்டது. நிப்ராஸ் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாய்ந்தான். ரயிலின் படி ஓட்டோவின் பின்பக்கத்தைக் கொத்தி எடுத்தது. தகரம் கிழிந்தது. ஓட்டோ சுழன்று கள்ளிப் பற்றைக்குள் சாய்ந்தது.

பெட்டிகள் ஒவ்வொன்றாக மெதுவாகிக் கடந்துபோய் ரயில் நின்றது. யன்னல்களெல்லாம் தலை. மாக்கிறட் மூன்று பேரையும் எண்ணினாள். தன்னையும் சேர்த்துத்தான் மூன்று என்பது பிறகே பிடிபட்டது. செத்தவர் இல்லை. அது தெரிந்ததும் மற்றப் பயம் வந்து குந்திக்கொண்டது: இன்ஸாப் இன்னும் அந்த மேசையில்தான் இருப்பார்.

ரயில் கார்ட் கல்லில் தடுக்கித் தடுக்கி நடந்து வந்தார். றஸ்னா முந்திக்கொண்டாள்.

"தடி போடேல்ல! ஃபோன்ல சிரிச்சுக்கொண்டு நிண்டவ! என்ர கண்ணால பாத்தனான். பொலிசுக்குப் போவம், வாங்கோ!"

"பொறு, வாயை மூடு," என்றான் நிப்ராஸ்.

"ஏன் மூடோணும்? நாங்க செத்து மௌத்தாகியிருப்பம். வீட்டில ரெண்டு பிள்ளை கிடக்கு!"

றஸ்னா சொன்னது உண்மை, அது மாக்கிறட்டுக்குத் தெரியும்.

நிப்ராஸ் மனைவியை ஓட்டோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். மெதுவாகத்தான் கதைத்தான், ஆனால் காற்று சொற்களை இவள் பக்கம் கொண்டுவந்தது.

"மனிசியை உள்ளுக்குப் போட்டா உனக்கு என்ன வரும்? ஓட்டோவை ஆர் திருத்தித் தாற? பொலிசா? வேலையில இருந்தாத்தான் மனிசி காசு தரும். இப்ப சம்பளம் கூட்டப் போறாங்களாம், ஊரெல்லாம் கதை."

"உங்களுக்கு உயிரைவிட ஓட்டோ பெரிசு."

"உயிர்தான் இருக்கே. இல்லாதது ஓட்டோதான்."

கார்ட் சிங்களமும் தமிழும் கலந்து கேட்டார். நிப்ராஸ் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்.

"தடி போடத்தான் போனவ, சேர். நான்தான் பூந்து ஓட்டினனான். நடுவில நிண்டு போச்சு. இந்த அக்கா இல்லாட்டி நாங்கள் இல்லை."

கார்ட் மாக்கிறட்டைப் பார்த்தார். மேலே நிற்கும் தடியைப் பார்த்தார். றஸ்னாவைப் பார்த்தார். றஸ்னா சிதறிய அரிசியை மணலோடு சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஏற்கெனவே பிந்திய ரயில். அவர் ஏதோ எழுதிக்கொண்டு கொடியைக் காட்டினார்.

ரயில் நகரத் தொடங்கியதும் மாக்கிறட் மண்ணுக்குள் ஃபோனைத் தேடினாள். கண்ணாடி வெடித்திருந்தது. சனூனிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. லைன் பிசி என்று அவனுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கும். எமிலியானுசுக்கு ஒரு மிஸ் கோல் கொடுத்தாள்.

சனூன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. கள்ளிக்குள் கிடந்த ஓட்டோவைப் பார்த்ததும் அழுதே விட்டான்.

"எத்தினை தரம் அடிச்சனான், அக்கா! யா அல்லாஹ், எத்தினை தரம்!"

"ஒருத்தரிட்டையும் சொல்லாத தம்பி."

"ஆரோட கதைச்சனீங்கள்?"

அவள் சொல்லவில்லை. எமிலியானுசின் பெயரைச் சொன்னால் அவனும் இதற்குள் வந்துவிடுவான்.

நிப்ராஸ் போகுமுன் அவளிடம் வந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"மன்னார்ல கராஜ் பாஸிட்டக் காட்டிப்போட்டுச் சொல்லுறன் அக்கா, எவ்வளவு எண்டு. குறைச்சுத்தான் கேப்பன். ஆனா தரோணும். றஸ்னாவை எத்தினை நாளைக்கு நான் பிடிச்சு வைக்கிறது?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்ஸாப் திரும்பி வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். குழுவுக்கு ஆட்களைப் போட்டாயிற்று, அடுத்த பேச்சுக்கு நாள் குறித்தாயிற்று, இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தரம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு லைன் தானாக வெட்டுப்பட்டது என்று நினைத்திருந்த எமிலியானுஸ் விசிலடித்தான். ஒரு விபத்தும் இல்லாமல் கடவைகளைக் காத்ததற்கு இன்ஸாப் நன்றி சொன்னபோது மாக்கிறட் பின்வரிசைக் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தாள். சனூன் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது ரயில் நேரத்தில் அவள் ஃபோனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. றஸ்னா சில நாட்களில் அந்தப் பாதையால் நடந்து போவாள். தடியைப் பார்ப்பாள், பிறகு இவளைப் பார்ப்பாள், பேசாமல் போய்விடுவாள். அவள் வளைவில் மறையும்வரை மாக்கிறட் கயிற்றை விடமாட்டாள்.

பேச்சு நல்லபடி போகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாட்கூலி இன்னும் இருநூற்றைம்பது. ஓட்டோ திருத்திய வகையில் மாக்கிறட் நிப்ராசுக்குக் கொடுக்க வேண்டியது அறுபத்தையாயிரம் ரூபாய்.