தெருவுக்கே கேட்ட நெஞ்சு

ஆரணியில் அந்த ஆனி மாதம் ஜெயத்தின் நெஞ்சுத் துடிப்பு தறிச் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்கத் தொடங்கியது. யார் வீட்டிலோ மாவு இடிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு சேவூர் போகும் டவுன் பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

காரணம் ஓரகத்தி அகல்யா. ஜெயம் மூத்த மருமகள். கணவன் பன்னீர்செல்வத்தோடு தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவள். இளையவன் பெண்டாட்டி அகல்யா பெரணமல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஜெயம் நெய்த புடவையை வாட்ஸ்அப்பில் போடப் படம் எடுக்கும்போது, அதைக் கட்டிக்கொண்டு நிற்க, நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி கூப்பிடுவது மட்டும் அகல்யாவைத்தான். அந்த ஒடிசலான இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயத்துக்கு வயிறு எரிந்தது. இருவரும் தின்பது ஒரே சோறு, ஒரே குழம்பு. ஆனால் அகல்யா விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு வெள்ளை மாத்திரை போடுவாள். சூட்சுமம் அதில்தான் என்று முடிவுகட்டிய ஜெயம், குப்பையில் கிடந்த காலி அட்டையோடு மருந்துக்கடைக்குப் போனாள்.

"டாக்டர் சீட்டு வச்சிகினு கீறியாம்மா?"

"வீட்ல கீது. ஜல்தி குடுங்க, பஸ் போயிடும்."

கொடுத்துவிட்டார்கள். பெரிய உடம்புக்கு ஒன்று எப்படிப் போதும் என்று இரண்டாக்கினாள், மூன்றாக்கினாள். உடம்பு இளைத்தது உண்மைதான். கூடவே கை நடுங்கியது, தூக்கம் போயிற்று, துடிப்பு தெருவில் இறங்கியது. "ஒரே பேஜாரா கீது" என்று சலித்துக்கொண்ட நெசவாளர்களின் கால்கள் தம்மையறியாமல் அந்தத் தாளத்துக்கே தறி மிதித்தன. புடவைகள் சீக்கிரம் முடிந்தன, கரைகள் கோணின. ஒருநாள் முதலாளி ஜெயத்தையும் படத்துக்குக் கூப்பிட்டார். அவள் நடுங்கிய நடுக்கத்தில் ஒரு படத்திலும் முகமே விழவில்லை. பக்கத்தில் அகல்யா பளிச்சென்று இருந்தாள். மறுநாள் ஜெயம் இன்னொரு மாத்திரை கூட்டிக்கொண்டாள்.

அன்று காலையிலேயே துடிப்பு சட்டென்று இடறி நின்றது. தெருவின் தறிகளெல்லாம் நின்றன. அந்த அமைதியைக் கேட்டு முதலில் ஓடி வந்தவள் அகல்யா. தறிமேல் சாய்ந்து கிடந்தவளைத் தூக்கி உலுக்கியதும் துடிப்பு தாறுமாறாகத் திரும்பி வந்தது. ஜெயத்தின் முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது.

"இன்னாக்கா இது? எனக்குத் தைராய்டுக்கு டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணி, அளவு பாத்துக் குடுத்ததுக்கா. இளைக்கறதுக்கு இல்ல!"

"ஒன்னாட்டம் நிக்கணும்னுதான்டி..." என்றாள் ஜெயம், மூச்சிரைக்க.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை, வராந்தாவிலேயே கேட்டுவிட்டார். "அவங்க உடம்புல கொறையறத அந்த மாத்திரை நெரப்புதும்மா. உங்க உடம்புல ஒண்ணும் கொறையலயே. இப்படியே போயிருந்தா நெஞ்சு நின்னே போயிருக்கும்."

மாத்திரையை நிறுத்தியதும் நடுக்கம் போயிற்று, தூக்கம் வந்தது, இடுப்பும் பழையபடி ஆயிற்று. சத்தம் மட்டும் முழுதாக அடங்கவில்லை. தெருக்கோடி வரை இன்றும் கேட்கிறது. அகல்யா புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால் போதும், வேகமெடுக்கும். நெய்துகொண்டிருப்பவர்கள் தலை நிமிர்வதில்லை. மழை தூறுகிறது என்பதுபோல, "ஜெயத்துக்குப் பொறாமை வந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த இழையை ஓட்டுகிறார்கள்.