ஊதாத் துணிக்குள்

செவ்வாய் விடியலில் கரைசேர வேண்டிய படகு புதன் மதியமாகியும் வரவில்லை. இமானுவேலும் அவன் தம்பியும் போன படகு. போனை அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வாலிநோக்கம், ஏர்வாடி என்று எல்லாக் கரையிலும் கேட்டாயிற்று. யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லையாம். தேடிப் போனவர்களும் திரும்பவில்லை.

இமானுவேலின் மனைவி யுவராணி நேற்றிலிருந்து மூன்றாவது தடவையாகக் கோயிலுக்கு ஓடினாள். இந்தத் தடவை கொழுந்தன் பெண்டாட்டி மதுமதியையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டாள். மதுமதிக்கு ஏழு மாதம். ஒரு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், கொழுந்தன் வந்து கேட்கும்போது என்ன பதில் சொல்வது? வந்து கேட்பானா? சீ, என்ன நினைப்பு இது!

கோயிலில் அழுவதற்கும் ஒரு முகம் இல்லை. இயேசுவின் பாடுகளின் காலம் என்று போன ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சுரூபச் சிலைகளையும் ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். கடல் கறுக்கும்போதெல்லாம் யுவராணி சண்டை போடுகிற அந்தோணியாரும் தலைமுதல் கால்வரை மூடி நின்றார். துணியோடு என்ன பேச? அவள் கை அதை நோக்கி நீண்டது.

"தொடாதம்மா!" பதறிக்கொண்டு வந்தார் கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற தங்கசாமி. "தவக்காலத்துல வயித்துக்கு மட்டுமில்ல, கண்ணுக்கும் ஒருசந்திதான். ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கிறணும்."

"இத்தன நாளும் ஒரு வேளைக் கஞ்சிதாண்ணே குடிச்சேன். மீனக்கூடத் தொடல. இது மட்டும் என்னால ஏலாது. ஒரே ஒரு தடவ அவுக மொகத்தப் பாத்துக்கிறேன்."

தங்கசாமி குறுக்கே வந்தார். அவரை விலக்கிவிட்டு, துணியின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே நுழைத்தாள்.

அந்தோணியார் இல்லை. ஒரு ஸ்டூல், அதில் கட்டிய கம்பு, கம்பின் உச்சியில் கவிழ்த்த மண்பானை.

அப்படியானால் நேற்றிலிருந்து கதறியதெல்லாம் பானையிடமா?

"தொடைக்கும்போது அந்தோணியாருக்குக் கை ஒடிஞ்சிருச்சும்மா," தங்கசாமி அவள் காதருகே குசுகுசுத்தார். "ஒட்டுறதுக்குப் பரமக்குடிக்குக் குடுத்துவிட்டிருக்கு. எடம் வெறுமனே கெடந்தா சனம் பயந்துருமேன்னுதான்..."

"மொகத்தப் பாத்தீகளாக்கா?" பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மதுமதி கேட்டாள். "எப்பிடி இருக்காக?"

யுவராணிக்கு ஊரே கேட்கும்படி கத்தவேண்டும் போலிருந்தது. திரும்பி, மதுமதியின் காய்ந்த உதட்டைப் பார்த்தாள். துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"பாத்தேன்டி. சிரிச்ச மொகமாத்தான் இருக்காக."

மதுமதி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தங்கசாமி செம்பைத் தேடி ஓடினார்.

யுவராணி மறுபடியும் அந்தத் துணிக்கு முன்னால் முழந்தாளிட்டாள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தும் கையைக் குவித்தாள். வேறு யாரிடம் போவாள்?

"அந்தோணியாரே, நீங்க எங்கன கெடந்தாலும் சரி," என்று வாய்க்குள் முனகினாள். "அவுகளக் கரை சேத்துருங்க."