படித்துறையில் முகூர்த்தம்

என் கணவர் வாஞ்சிநாதன் காலை ஊன்றிவிட்டால் அவரையும் அசைக்க முடியாது, அவர் காலுக்கடியில் இருப்பதையும் அசைக்க முடியாது. இளவயதில் வந்த சக்தி. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை. கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவரும் பெரிய அலையை இங்கே வங்காளத்தில் 'பான்' என்பார்கள். அதோடு சில சமயம் வேறொன்றும் வரும். கறுப்பாக, ட்ராம் வண்டி நீளத்துக்கு. படகுகளை அடியிலிருந்து இழுக்கும். படகுக்காரர்கள் இவருக்குத்தான் போன் செய்வார்கள். போய் மிதித்து அடக்கிவிட்டு, திரும்பும் வழியில் காய்கறி வாங்கி வருவார். பேன்ட்டில் ஒட்டிய சேற்றைத் துவைப்பது என் பாடு.

மகள் சுபிக்ஷாவின் பள்ளிக்கூட விழா, பாட்டுக் கச்சேரி என்று எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து போயிருக்கிறார்.

"என் கல்யாணத்துலயாவது முழுசா இருப்பியாப்பா?"

"நீதான் என் மடியில உட்கார்ந்திருப்பியே. எப்படி எழுந்து ஓடறது?"

எங்களில் தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை ரஞ்சன் வங்காளிப் பையன். காலையில் எங்கள் முறை, மாலையில் அவர்கள் முறை என்று ஏற்பாடு.

ரிட்டயர் ஆன பிறகு அவர் காலில் பலம் குறைந்துகொண்டே வந்தது. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

பவானிபூர் மண்டபத்தில் ஊஞ்சல் முடிந்த கையோடு போன் வந்தது. பட்டு வேஷ்டியோடு கிளம்பிப் போனார். முகூர்த்தம் நெருங்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வசு, வர முடியாதுடி. காலை எடுத்தா ஃபெர்ரி முழுகிடும். நிறைய ஜனம் இருக்கு."

சுபிக்ஷா போனைப் பிடுங்கினாள். "நீ அங்கேயே இரு. நாங்க வரோம்."

"ஹோமகுண்டத்தை எப்படிம்மா தூக்கிண்டு போறது?" என்றார் வெங்கட்ராமன் வாத்தியார்.

"நாலு செங்கல்தானே மாமா? என் மாமியார் கார்ல வெச்சுக்கலாம்."

ரஞ்சனின் அம்மாவுக்கு யாரோ வங்காள மொழியில் விளக்கினார்கள். "ஓ மா! புது சீட்!" என்றாள். பிறகு தானே தன் சால்வையை விரித்துக் கல்லை வாங்கி வைத்தாள்.

படித்துறையின் கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அதற்குள் கறுப்பாகச் சுருள் சுருளாக அவர் காலைச் சுற்றியிருந்தது. ஃபெர்ரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, ஆட்களைக் கயிறு பிடித்துச் சின்னப் படகுகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளோடுதான் இறங்குவேன் என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். "ஏன்னா, ரொம்ப வலிக்கறதா?"

"வலி இல்ல. காலே என்னோடதா தெரியல."

பிறகு வாத்தியாரைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார். "மாமா, தாலி ஏறிடுத்துன்னா அப்பறம் எதுவும் தடை இல்லையே?"

"மாங்கல்யதாரணம் ஆயிட்டா அப்பறம் எது வந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான்."

அப்பா போய்விட்டால் எங்கள் வீடுகளில் ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கிடையாது. எதற்குக் கேட்டார் என்று எனக்கு உடனே புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி, "மேளக்காரரைக் கூப்பிடுங்கோ. சீக்கிரம்" என்றேன்.

முறைப்படி நெல் மூட்டை மேல் அவரை உட்கார வைக்க வேண்டும். எழுப்ப முடியாததால் பக்கத்தில் வைத்தோம். சுபிக்ஷா கூரைப்புடவையோடு இறங்கி மடியில் உட்கார்ந்தாள். அவள் கனமும் சேர்ந்ததும் ஃபெர்ரி கொஞ்சம் நிமிர்ந்தது.

"வெயிட் போட்டிருக்கே."

"சும்மா இருப்பா, மேக்கப் கலையும்."

ரஞ்சன் முழங்கால் தண்ணீரில் நின்று தாலி கட்டினான். கெட்டிமேளம் கொட்டியது. படகுக்காரர்கள் சங்கு ஊதினார்கள். சைக்கிள்காரர் கடைசியாக இறங்கினார், சைக்கிளோடு. அதுவரை என் கணவர் மகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எழுந்துக்கோ கண்ணா. கால் மரத்துப்போச்சு" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே ரஞ்சன் கையைப் பிடித்து எழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது படியில் நெல் மூட்டை மட்டும் இருந்தது. காலி ஃபெர்ரியும் முழுகிவிட்டது. ஆறு சமமாக ஓடியது. படகுக்காரர்கள் குதித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு உருவமும் வரவில்லை.

வாத்தியார் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்கோ மாமா. ஏழு அடி நடக்கட்டும். அவர் கேட்டது அதுக்குத்தான்."

ரஞ்சன் அழுதுகொண்டே குனிந்தான். பெண்ணின் வலது காலைக் கையால் பிடித்து ஒவ்வோர் அடியாக நகர்த்தி வைக்க வேண்டும். பிடித்துத் தூக்கிப் பார்த்தான். மறுபடியும் தூக்கினான், இரண்டு கையாலும் தூக்கினான்.

"ஆன்ட்டி, கால் நகரலை" என்றான்.

சுபிக்ஷா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவளாக எடுத்து வைத்த பிறகுதான் அந்தக் கால் நகர்ந்தது.